பிள்ளை தூக்கிய கை

1994ஆம் ஆண்டு நவம்பர் 14, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். சிரோக்கோ அடித்துக்கொண்டிருந்தது. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் அந்தச் சூட்டுக் காற்று பலெர்மோ முழுவதும் செந்தூளைத் தூவியிருந்தது. நவம்பர் மாதத்தில் என் சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மணியை அழுத்திவிட்டு நின்றேன். வேலைக்கு முதல் நாள். பத்து நிமிடம் பிந்திவிட்டேன்.

கதவைத் திறந்த பெண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"உன்ரை மனுசி எங்கை?"

காலமாகி நான்கு வருடம் என்றேன்.

"அப்ப உன்னைத் தனிய வெளியிலை விட்டது ஆர்?"

எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் கணக்குப் பகுதியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். என்னிடம் இப்படி ஒரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. அவர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

"என்னை இந்த ஊரிலை கிழமைக்கு மூண்டு தரம் இதைக் கேக்கினம். கேக்க எப்பிடி இருக்கு எண்டு நீயும் பார் எண்டுதான்."

அப்படித்தான் மொரிசியஸ் அம்மா எனக்கு அறிமுகமானார். அவருக்குப் பெயர் இருந்தது. பலெர்மோத் தமிழர்களில் ஒருவரும் அதைப் பாவிக்கவில்லை. நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். அகலமான தோள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழ்க் குடும்பத்தின் நான்காம் தலைமுறை. தமிழ் அவரிடம் காவடிப் பாட்டோடு நின்றுவிட்டது. பிரெஞ்சு எழுதவும் வாசிக்கவும் தெரியும், இத்தாலியன் கொட்டும். நாங்கள் இத்தாலியனில்தான் கதைத்தோம், நான் இலக்கணம் பார்த்து, அவர் பார்க்காமல். இங்கே அவர் வாயில் இருக்கும் தமிழ் என்னுடையது. எல்லோருக்கும் 'நீ'தான். எனக்கு மட்டும் மரியாதையாக 'தொந்தொன்' என்று ஒரு சொல் சேர்ப்பார். அவர்கள் ஊரில் அது மாமா.

எதையும் மாற்றிப் பார்ப்பது அவருடைய குணம். பெண்ணுக்குச் சொன்னதை எடுத்து ஆணுக்கு வைப்பார். ஆணுக்குச் சொன்னதைப் பெண்ணுக்கு. வைத்துவிட்டுச் சிரிக்கமாட்டார், அதுதான் பயங்கரம். ஒருநாள் பஸ்ஸில் மூன்று இளந்தாரிகள் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளைப் பார்த்து விசிலடித்துக்கொண்டு வந்தார்கள். மொரிசியஸ் அம்மா அவர்களில் உயரமானவனை மேலிருந்து கீழாக ஆறுதலாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "கால் வடிவாய்த்தான் இருக்கு, தொந்தொன். ஆனால் இவ்வளவு இறுக்கமாய்க் களுசான் போட்டு இந்த நேரத்திலை அனுப்பி வைச்ச தேப்பனைத்தான் நான் குறை சொல்லுவன்" என்றார். அடுத்த தரிப்பில் மூவரும் இறங்கினார்கள். அது அவர்களுடைய இடமில்லை என்பது நின்ற நிலையில் தெரிந்தது. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோடு எங்கே போனாலும் என்னில் பாதி ஓடி ஒளியப் பார்க்கும். மறுபாதி அடுத்தது என்ன என்று காத்திருக்கும்.

நான் அந்த வீட்டுக்குப் போனது படங்களை எண்ணுவதற்கு. வீட்டுக்காரச் சிஞ்ஞோரா, அதாவது எசமானியம்மா, எண்பது வயது விதவை. வழக்கறிஞராயிருந்த கணவர், நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பிரெஞ்சுக் கேலிப் படங்களை ஆயுள் முழுவதும் சேர்த்து மூன்று பெரிய அட்டைப் பெட்டிகளில் விட்டுப் போயிருந்தார். எல்லாம் கல்லச்சு. வழவழப்பான கல்லில் கொழுப்புக் கரியால் கீறி, அதிலிருந்து பத்திரிகைத் தாளில் அச்சிட்டவை. சில தாள்களின் மறுபக்கத்துச் செய்தி படத்தில் ஊடுருவி, ஒரு பெண்ணின் கன்னத்தில் இடம்வலம் மாறிய எழுத்தாக நிற்கும். அவற்றை விற்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். மாலை மூன்றிலிருந்து எட்டு வரை வேலை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த வீட்டில் சமைக்கும் மொரிசியஸ் அம்மா, உருளைக்கிழங்கு சீவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படத்தின் கீழே இருப்பதை வாசித்துச் சொல்வார்.

சிஞ்ஞோரா ஒரு விஷயம் சொன்னார். அந்தக் காலத்துப் பிரான்சில் முதலில் அரசனைத்தான் கேலி செய்தார்களாம். அரசன் சட்டம் போட்டு அதைத் தடுத்தான். அதன்பிறகு படம் கீறுபவர்கள் வீட்டுக்குள் திரும்பினார்கள். வாடகைக்காரன், வைத்தியன், மனைவி. எழுதும் மனைவி, வாசிக்கும் மனைவி, கூட்டத்தில் பேசும் மனைவி.

"பெரியவனைப் பாத்துச் சிரிக்க ஏலாட்டி வீட்டுக்கை இருக்கிறவளைப் பாத்துச் சிரிக்கிறது" என்றார் மொரிசியஸ் அம்மா. "இதுக்கு பிரான்சுக்குப் போகத் தேவையில்லை."

மொத்தம் நூற்று முப்பத்தெட்டுப் படங்கள். புத்தகமோ பேனையோ பிடித்த பெண்கள் நாற்பத்தொரு பேர். அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்திகூட அழகில்லை. எல்லோருக்கும் நீண்ட மூக்கு, கலைந்த தலை, காய்ந்த கழுத்து. துணி தோய்க்கும் பெண்கள் பதினேழு பேர். பதினேழு பேரும் அழகு. இதை எண்ணிச் சொன்னபோது அவர் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

ஐம்பத்திரண்டாம் இலக்கப் படம் எங்களை நிறுத்திவிட்டது. இராத் தொப்பி போட்ட ஒரு புருஷன் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் எழுதுகிறாள். கீழே இருந்ததை அவர் வாசித்தார்: "அவனை மெல்ல அழச் சொல்லு, நான் தாயன்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மாத்திப் பார். புருசன் எழுதுறான். மனுசி பிள்ளையோடை நிக்கிறாள். இப்ப கீழை என்ன எழுதுவாய்?"

யோசித்தேன். "எழுத ஒண்டும் இல்லையே. அது ஒரு வீடு, அவ்வளவுதான்."

"அதுதான் அதை ஒருத்தனும் கீறேல்லை."

பிறகு குனிந்து, மூக்கு தாளில் முட்டும் அளவுக்குப் படத்தைப் பார்த்தார். குழந்தையின் பின்புறத்தைத் தாங்கிய அந்த ஆணின் முன்கை. பாரத்துக்காக ஒரு பக்கம் தள்ளிய இடுப்பு. விரிந்த விரல்கள், ஈரத் துணியைப் பிடிக்கிற விதமாக.

"கேலி செய்யத்தான் இதைக் கீறினவன்" என்றார் மெதுவாக. "ஆனால் இந்தக் கையைப் பார். பிள்ளை தூக்காதவனுக்கு இது வராது. இரவிரவாய்த் தூக்கியிருக்கிறான். காலமை அச்சுக்கூடத்துக்குப் போய், காசுக்காக, தன்னைப் பாத்துத்தானே சிரிச்சிருக்கிறான்."

நூற்றைம்பது வருடமாக எத்தனை பேர் அந்தத் தாளைக் கையில் எடுத்திருப்பார்கள். எல்லோரும் எழுதுகிற பெண்ணின் முதுகைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். மொரிசியஸ் அம்மா அந்த ஆணின் கையைப் பார்த்தார். அவருடைய கணவரும் பக்கத்து ஊரான பகேரியாவில் வேலையில்லாமல் வீட்டோடு இருந்து பிள்ளைகளைப் பார்ப்பவர் என்பதும், பகேரியாத் தமிழர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்று என் முகத்தில் வேறொரு கவலை இருந்தது. அவர் கேட்டார், சொன்னேன்.

பலெர்மோவின் சீசாப் பகுதியில் நான் இருந்தது மகளின் வீட்டில். அவள் காலையில் மூன்று கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவள். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. அடுத்த வருடம் அவளுடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி முடிகிறது, கையில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் புதுப்பிப்பது பெரிய பாடு. முதியோர் இல்லம் ஒன்றில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, இத்தாலிய எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். வளர்ந்தவர்களுக்கான மாலை வகுப்பு எங்கள் தெருவிலேயே, ஐந்திலிருந்து ஏழு வரை. முதல் கிழமை வராவிட்டால் இடம் போய்விடும். வீட்டில் பதினொரு மாதப் பெண் குழந்தை. நான் அந்த நேரம் வேலையில். அந்த நேரத்தில் சும்மா இருக்கிற ஒரே ஆள் மருமகன். அவன் என் சொந்தத் தங்கையின் மகன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

"பிள்ளை பாக்கவோ மாமா நான் இஞ்சை வந்தனான்?" என்று கேட்டுவிட்டுச் சீட்டு விளையாடப் போய்விட்டான். வேறு ஆளைப் பிடித்து விடலாம் என்றால், வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாதாம்.

"உன்ரை மருமகன் என்ன வேலை?" என்று கேட்டார் மொரிசியஸ் அம்மா.

"ஒரு பேராசிரியர் வீட்டிலை. காலமை ஏழிலை இருந்து நாலு வரை."

"அங்கை என்ன செய்யிறவன்?"

"சமையல், அயன், பிள்ளையள்..." என்று தொடங்கி, நிறுத்தினேன்.

அவர் கத்தியை மேசையில் வைத்தார். "மணிக்கு எவ்வளவு?"

"ஏழாயிரம் லீரா."

பலெர்மோவில் எங்கள் ஆண்கள் எத்தனையோ பேர் இத்தாலியர் வீடுகளில் தோய்த்தார்கள், துடைத்தார்கள், கிழவிகளைக் குளிப்பாட்டினார்கள். அது வேலை. அதற்காக எவரும் எவரையும் பகிடி பண்ணியதில்லை. ஆனால் தன் வீட்டில் ஒருவன் விளக்குமாற்றைத் தொட்டால் அடுத்த பொங்கல் வரைக்கும் கதை நிற்கும். இது எனக்கும் இயல்பாகவே இருந்தது, அன்று நான் அந்த வாக்கியத்தை நிறுத்தும்வரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாள், மொரிசியஸ் அம்மா சீசாவுக்கு வந்தார். கைப்பை, நல்ல சட்டை, காதில் முத்து. வேலைக்கு ஆள் பார்க்க வந்த சிஞ்ஞோரா மாதிரி மருமகனுக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தார்.

"பின்னேரத்திலை செய்ய ஒரு வேலை இருக்கு. வேணுமோ?"

மருமகனும் நிமிர்ந்து இருந்தான். பின்னேர வேலைக்கு எல்லோரும் அலைந்த காலம். "என்ன வேலை?"

"பிள்ளை பாக்கிறது. ஐஞ்சிலை இருந்து ஏழு. கிழமையிலை ஐஞ்சு நாள்."

"எத்தினை பிள்ளை?"

"ஒண்டு. பெண். பதினொரு மாசம்."

"அது சுகம். நான் இப்ப இரட்டைப் பெடியளைப் பாக்கிறன்" என்றான். "பிறந்து நாப்பது நாளிலை இருந்து. பால் கரைச்சுக் குடுத்து, முதுகிலை தட்டி ஏவறை எடுத்து, குளிப்பாட்டி, நித்திரையாக்கி எல்லாம் நான்தான். தாயிட்டைப் போனால் அழுவினம்."

"அயன்?"

"பேராசிரியரின்ரை சேட்டு மட்டும் கிழமைக்குப் பதினாலு."

என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். அவனோடு மூன்று வருடம் குடும்பம் நடத்தியவள். இதெல்லாம் அவளுக்குப் புதினம்.

"மணிக்கு ஏழாயிரம். சரியோ?"

"சரி. வீடு எங்கை? தூரமெண்டால் பஸ் காசு தரவேணும்."

"தூரமில்லை." அவர் எழுந்து போய், மகளின் கையிலிருந்து குழந்தையை வாங்கி, அவன் மடியில் வைத்தார். "இதுதான் பிள்ளை."

மருமகனின் காது சிவந்தது. "பகிடி விடுறியளோ?"

அவர் கைப்பையைத் திறந்து ஏழு பத்தாயிரம் தாள்களை மேசையில் வைத்தார். "பகிடிக்கு ஆரும் முன்பணம் தாறதில்லை."

"இது என்ரை பிள்ளை."

"ஓம். அதுக்குச் சம்பளம் இல்லையெண்டுதானே நீ பாக்கேல்லை. இப்ப இருக்கு."

"காசு ஆர் தாறது?"

"ஒரு சிஞ்ஞோரா."

"என்னத்துக்கு?"

"நீ வேலை செய்யிற சிஞ்ஞோரா காசு தரேக்கை என்னத்துக்கு எண்டு கேட்டனியோ?"

அவன் தாள்களைப் பார்த்தான். குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. "சனம் சிரிக்கும்" என்றான்.

"கூலிக்கு வேலை செய்யிற எந்தத் தமிழனைப் பாத்து இஞ்சை சனம் சிரிச்சது?"

அவன் குழந்தையின் விரல்களைப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். பிறகு கேட்டான்: "பால் எத்தினை மணிக்குக் குடிக்கிறது?"

அவரைப் பஸ்ஸுக்கு விடப் போனேன். தரிப்பிடத்தில் கையை நீட்டினார். "எழுபதாயிரம் தா, சிஞ்ஞோரா."

"ஆர் சிஞ்ஞோரா?"

"நீதான். உன்ரை மகள், உன்ரை பேத்தி. வேறை ஆர் குடுக்கிறது?"

அன்றிலிருந்து நான் தொந்தொன் இல்லை, சிஞ்ஞோரா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் காசை அவரிடம் கொடுப்பேன். அவர் அதை உறையில் போட்டு ஒட்டி என்னிடமே திருப்பித் தருவார். நான் கொண்டுபோய் மருமகனிடம் கொடுப்பேன். இந்தச் சுற்று ஏன் என்று கேட்டேன். "நேரே குடுத்தால் அது மாமா தந்த காசு. இப்பிடிப் போனால் சம்பளம்."

முதல் திங்கள் ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, மருமகன் தன் வீட்டு மணியைத் தானே அழுத்தினானாம். கதவைத் திறந்த மனைவிக்கு, "போனசேரா, சிஞ்ஞோரா" என்று மாலை வணக்கம் சொன்னானாம். அவள் சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு கொப்பியோடு ஓடியிருக்கிறாள். ஏழு மணிக்கு வந்தபோது குழந்தை குளித்து, பவுடர் போட்டு, நித்திரை. துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. "நூற்றைம்பது மில்லி குடிச்சது. ரெண்டு தரம் தும்மினது. மூக்குத் துடைச்சனான்" என்று வாசலில் நின்று ஒப்பித்தான். பேராசிரியரின் மனைவிக்கு அவன் தினமும் சொல்வது அப்படித்தான்.

ஒருநாள் எனக்கு விடுமுறை. அவன் வேலை செய்வதைப் பார்த்தேன். பதினொரு மாதமாகச் சொந்தப் பிள்ளையைப் பத்துத் தடவை தூக்கியிருப்பானோ தெரியாது, ஆனால் அந்தக் கைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்தான். கழுத்தை இரண்டு விரலால் தாங்கினான். அழத் தொடங்கியதும் அதைத் தூக்கி, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, முன்கையில் இருத்தினான். ஐம்பத்திரண்டாம் இலக்கப் படம் சீசாவில் மூன்றாம் மாடியில் உயிரோடு நின்றது. இவ்வளவு வித்தை ஒரு வீட்டுக்குள் இருந்தும் அந்த வீட்டுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறதே என்று நினைத்தேன்.

ஊர் பார்க்கத்தான் செய்தது. பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு பூங்காவைச் சுற்றியபோது சீட்டுக்காரரில் ஒருவன் கூப்பிட்டான். "என்ன அண்ணை, பாலும் நீங்களோ குடுக்கிறது?"

"வேலை" என்றான் மருமகன். "மணிக்கு ஏழாயிரம்."

சீட்டு நின்றது. சற்று நேரம் கழித்து இன்னொருவன் கேட்டானாம்: "வேறை இடம் ஏதும் இருக்கோ?"

டிசம்பரில் ஒரு மாலை, அயன் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமா, உங்கடை சிஞ்ஞோரா பதின்மூண்டாம் சம்பளம் தருவாவோ?" என்று கேட்டான். இத்தாலியில் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் வருட முடிவில் அப்படி ஒரு மேலதிகச் சம்பளம் உண்டு. 'உங்கடை' என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்தினேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச்சில் ஒரு வியாபாரி வந்து மூன்று பெட்டிகளையும் வாங்கிப்போனார். வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் இவற்றைக் காத்திருக்கும் அறையில் மாட்டுவார்களாம், வந்தவர்கள் சிரிப்பார்களாம். ஐம்பத்திரண்டாம் இலக்கத்தை மட்டும் மொரிசியஸ் அம்மா கடைசியாக ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தொட்டிலில் வைப்பதுபோல் திரும்ப வைத்தார். நான் சிஞ்ஞோராவுக்குப் பத்திரிகை வாசிக்கவும் மருந்துக் குளிசை எண்ணவும் அங்கேயே நின்றுகொண்டேன்.

ஜூனில் மகள் பரீட்சை எழுதினாள். சித்தியடைந்தாள். முதியோர் இல்லம் சொல் மாறவில்லை. அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்று மருமகன்தான் பிள்ளையோடு வெளியே வாங்குப் பலகையில் இருந்தான்.

விடுமுறைகள் கழிய இருபத்து நான்கு கிழமைகள். கடைசி உறையைக் கொடுத்து, வேலை முடிந்தது என்று சொன்னேன். அடுத்த திங்கள் எனக்கு விடுமுறை; ஐந்து மணிக்கு அவன் வீட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மணி மட்டும் அழுத்தவில்லை.

"வேலை முடிஞ்சுதெண்டு சொன்னனே, தம்பி."

"வேலை முடிஞ்சுதுதான், மாமா. இது என்ரை பிள்ளை." பிறகு, பிள்ளையின் வாயைத் துடைத்தபடி, "ஆனால் வேலை முடிஞ்சால் லிக்விதாசியோனே தரவேணும். சிஞ்ஞோராவிட்டைச் சொல்லுங்கோ" என்றான்.

வேலை நிற்கும்போது கணக்குத் தீர்த்துக் கொடுக்கிற தொகை அது. எனக்கு இரத்தம் கொதித்தது. அடுத்த நாள் பொலிதேயாமாக் குசினியில் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். சொந்தப் பிள்ளையைப் பார்த்ததற்குச் சம்பளம் வாங்கினான், பதின்மூன்றாம் சம்பளமும் வாங்கினான், இப்போது இதுவுமா?

அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"மாத்திப் பார். ஒரு மனுசி இருபத்து நாலு கிழமை தன்ரை பிள்ளையைப் பாத்திட்டு, கடைசியிலை வந்து இதைக் கேட்டால்?"

"கேட்டிருக்கமாட்டாள்" என்றேன்.

மகளை வளர்த்து, ஒரு சதமும் கேட்காமல் போய்ச் சேர்ந்த என் மனைவியை நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன். அவர் எழுந்து போய் அடுப்பில் கொதித்த தக்காளியைக் கிண்டினார்.

"குடு, சிஞ்ஞோரா" என்றார்.

கொடுத்தேன். இருபத்து நான்கு கிழமைக் கூலி, பதின்மூன்றாம் சம்பளம், லிக்விதாசியோனே எல்லாம் சேர்த்து நான் கொடுத்து முடித்தது பதினெட்டு இலட்சத்து முப்பதாயிரம் லீரா.